ஈறு கிராஃப்ட்டுக்கு எந்த டிஷ்யூ: சேலத்துல எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விங்க

நான் அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஈறு டாக்டர்கிட்ட 11 வருஷமா அசிஸ்டன்ட்டா இருக்கேங்க. டாக்டர் உள்ள எல்லாத்தையும் விளக்கமாதான் சொல்லி அனுப்புவாங்க, ஆனா பேஷன்ட் வெளிய வந்து பில் போடற டேபிள்கிட்ட நின்னு "ஏங்க்கா, மேல்வாயில வெட்டுவாங்களாமே, அது இல்லாம பண்ண முடியாதா"ன்னு மெதுவா எங்கிட்ட கேப்பாங்க. ஈறு கிராஃப்ட்னா ஈறு இறங்கின எடத்துல சதைய வச்சு மூடறது, கெட்டியாக்கறது; அப்படி வைக்கற சதையத்தான் டிஷ்யூன்னு சொல்றாங்க. அதைப் பத்தின கேள்விங்களத்தான் இங்க எழுதி வச்சிருக்கேன். எனக்கே 2019ல கீழ் முன்பல்லுல கிராஃப்ட் பண்ணாங்க, அதனால சேர்ல படுத்து அனுபவிச்சதும் இதுல இருக்கு. உங்க வாய்க்கு எது சரின்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், அவங்க சொல்றது புரியறதுக்கு இதைப் படிச்சுட்டுப் போங்க.

ஈறு இறங்கிடுச்சுன்னு சொல்றாங்க, அப்டின்னா என்னங்க? நல்லெண்ணெய் கொப்பளிச்சா திரும்ப வளராதா?

பல்லோட வேரை மூடியிருக்கற ஈறு விலகி வேர் வெளிய தெரிய ஆரம்பிச்சா அதுதான் ஈறு இறங்கறது. பல்லு நீளமாயிட்ட மாதிரி இருக்கும், வேர் மேல எனாமல் கிடையாதுங்கறதால ஜில்லுனு தண்ணி பட்டா சுர்ருனு ஏறும். கெட்டி பிரஷ்ஷ வச்சு குறுக்க அழுத்தித் தேய்க்கறது, சாம்பல் செங்கல்தூள்னு சொரசொரப்பா தேய்க்கறது, வருஷக்கணக்கா படிஞ்ச காரை, கன்னத்துல புகையிலை அடக்கறது, பிறவியிலயே ஈறு மெல்லிசா இருக்கறது, பல்லு வரிசைய விட்டு வெளிய தள்ளி நிக்கறது, இதுல ஒண்ணோ ரெண்டோ சேர்ந்துதான் காரணமா இருக்கும்.

போன ஈறு தானா வளராதுங்க. எண்ணெய் கொப்பளிக்கறதுல கெடுதல் ஒண்ணும் இல்ல, ஆனா வேரை அது மூடாது. இருக்கறத காப்பாத்தலாம், போனதை மூடணும்னா வேற எடத்துல இருந்து சதை கொண்டு வரணும், இல்லன்னா பக்கத்து ஈறை இழுத்து மூடணும்.

அப்போ ஈறு இறங்கின எல்லாரும் கிராஃப்ட் பண்ணிக்கணுமா?

இல்லவே இல்ல. ஒரு மில்லிமீட்டர் இறங்கி பத்து வருஷமா அப்படியே நிக்குது, கூச்சம் இல்ல, சுத்தியும் கெட்டியான ஈறு இருக்குன்னா பிரஷ் மாத்தி தேய்க்கற விதத்தை மாத்தி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அளந்து பாத்தாலே போதும். கொஞ்சம் கொஞ்சமா இன்னும் இறங்கிட்டே போறது, தேய்ச்சாலே வலிக்கற மாதிரி மெல்லிசா இருக்கறது, தாங்க முடியாத கூச்சம், சிரிச்சா தெரியற முன்பல்லு, கிளிப் போடப் போறவங்க, இவங்களுக்குத்தான் பேச்சே வரும். ஈறு வீக்கமும் ரத்தமும் இருந்தா மொதல்ல கிளீனிங் முடிச்சு அது அடங்கணும், அதுக்கு முன்னாடி எந்த டிஷ்யூவும் பிடிக்காது.

எத்தனை வகை டிஷ்யூ இருக்கு? ஒரே மூச்சுல சொல்லுங்க.

உங்க மேல்வாயில இருந்தே எடுக்கறது ரெண்டு வகை: மேல்தோலுக்கு அடியில இருக்கற சதைய மட்டும் எடுக்கற கனெக்டிவ் டிஷ்யூ கிராஃப்ட், தோலோட சேர்த்து சீவி எடுக்கற ஃப்ரீ ஜிஞ்சைவல் கிராஃப்ட். மூணாவது, பக்கத்துப் பல்லோட ஈறையே ஒரு பக்கம் ஒட்டியிருக்க விட்டு நகர்த்தி மூடறது, இது 1956லயே வந்த முறை. நாலாவது, வெளிய இருந்து வர்றது: தானம் குடுத்த மனுஷத் தோல்ல செஞ்சது, பன்னி மாடுன்னு மிருகத்துல இருந்து எடுத்த கொலாஜன்ங்கற புரதம், பிரசவத்துல கிடைக்கற பனிக்குடச் சவ்வு. அஞ்சாவது, உங்க ரத்தத்தையே மெஷின்ல சுத்த விட்டு எடுக்கற பி.ஆர்.எஃப். மெம்ப்ரேன், அதாவது மெல்லிசு சவ்வு.

பேரு அஞ்சாறு இருந்தாலும் டாக்டர் மனசுல ஓடற கேள்வி ரெண்டுதான். அந்தப் பல்லுக்கு எவ்வளவு தடிமனான சதை வேணும், உங்க மேல்வாயில அவ்வளவு இருக்கா. இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா பாதி முடிவு ஆயிடும்.

மேல்வாயில எங்க வெட்டுவாங்க? ஓட்டை விழுந்துடாதா?

விழாதுங்க. மேல் கோரைப்பல்லுக்கும் மொத கடவாப்பல்லுக்கும் நடுவுல, உள்பக்கம், நாக்கை வச்சு தடவினா கெட்டியா மேடா இருக்குமே அந்த எடம். அதுக்கு அடியில எலும்பு இருக்கு, எடுக்கற சதை ஒண்ணுல இருந்து ஒண்ணரை மில்லிமீட்டர் தடிமன்தான், நீளம் எத்தனை பல்லுங்கறதப் பொறுத்தது. இன்னும் பின்னாடி போனா அண்ணத்துக்கு ரத்தம் கொண்டு வர்ற பெரிய குழாய் ஒண்ணு ஓடுது, அதனாலதான் அங்க கை வைக்க மாட்டாங்க. அண்ணம் தட்டையா இருக்கறவங்களுக்கு அந்தக் குழாய் பல்லுக்கு இன்னும் கிட்டக்க ஓடும், அவங்களுக்கு எடுக்கற அகலத்தைக் குறைச்சுக்குவாங்க. மரத்துப் போற ஊசி போட்டுட்டு மெல்லிசான ஊசியக் குத்தி சதை எவ்வளவு ஆழம் இருக்குன்னு அளந்து பாப்பாங்க, சில பேருக்கு பாக்கறதுக்கு மேடா இருக்கும், அளந்தா ஒண்ணரை மில்லிமீட்டர் கூட தேறாது. அந்த மாதிரி ஆளுக்கு கடைசிப் பல்லுக்குப் பின்னாடி இருக்கற கெட்டிச் சதைல இருந்து கொஞ்சம் எடுக்கலாம், இல்லன்னா வெளி டிஷ்யூ.

ரெண்டுமே மேல்வாய்தானே, கனெக்டிவ் டிஷ்யூவுக்கும் ஃப்ரீ கிராஃப்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?

கனெக்டிவ் டிஷ்யூல ஒரு கோடு மாதிரி கீறி, மேல்தோல லேசா தூக்கி, உள்ள இருக்கற சதைய மட்டும் எடுத்துட்டு தோல திரும்ப மூடி தையல் போட்டுருவாங்க. உறைக்குள்ள இருந்து லெட்டர எடுத்துட்டு உறைய ஒட்டற மாதிரின்னு வச்சுக்கங்க. புண்ணு மூடியே இருக்கறதால வலி கம்மி. எடுத்த சதைய வேர் மேல வச்சு அங்க இருக்கற ஈறை இழுத்து அதுக்கு மேல போர்த்திடுவாங்க, கீழ இருந்தும் மேல இருந்தும் ரெண்டு பக்கமும் ரத்தம் கிடைக்கும். வேரை மூடணும், பாக்கவும் நல்லா இருக்கணும்னா இன்னைக்கும் இதைத்தான் மத்ததுக்கெல்லாம் அளவுகோலா வச்சுப் பாக்கறாங்க.

ஃப்ரீ கிராஃப்ட்ல தோலோட சீவறதால அண்ணத்துல வாய் திறந்த புண்ணு இருக்கும். எனக்குப் பண்ணது இதுதான். கொதிக்கற டீயக் குடிச்சு மேல்வாய் வெந்து போனா எப்படி இருக்குமோ அதுவே பெருசா, பத்து நாளைக்கு. மூணாவது வாரம் நாக்கை வச்சா வழவழன்னு தோல் மூடியிருந்தது. வலி ஜாஸ்தின்னாலும் கீழ் முன்பல்லுல, கெட்டி ஈறே இல்லாம உதடு அசையும்போதெல்லாம் ஈறும் சேர்ந்து இழுபடற எடத்துல, இது குடுக்கற உறுதிய வேற எதுவும் அவ்வளவு சுலபமா குடுக்கறதில்ல. அங்க அழகு ரெண்டாவதுங்க, பல்லு நிக்கறதுதான் மொதல்ல.

எங்களுக்கு ஈறே கருப்பு, ஒட்டுப் போட்ட துணி மாதிரி தெரியாதா?

நல்ல கேள்வி இது, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஈறு கருஞ்செவப்பாவோ நல்ல கருப்பாவோதான் இருக்கும், அது மெலனின், நோய் கிடையாது. ஃப்ரீ கிராஃப்ட்ல அண்ணத்துத் தோலே மேல உக்காருது, அது வெளிறின ரோஸ் கலர்ல இருக்கும், அதனால பட்டை மாதிரி தனியா தெரியத்தான் செய்யும், வருஷம் போனாலும் முழுசா கலக்காது. எனக்கு உதட்டை கீழ இழுத்துப் பாத்தா இப்பவும் தெரியுது. கனெக்டிவ் டிஷ்யூலயும் வெளி டிஷ்யூலயும் மேல போர்த்தறது உங்க சொந்த ஈறுதான், அதனால கலர் ஒத்துப்போகும். சிரிச்சா தெரியற மேல் பல்லுன்னா இதை வாய் விட்டே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, கல்யாணத்துக்கு நிக்கற பிள்ளைங்க வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம விட்டுட்டு அப்புறம் வந்து அழுறத நான் பாத்திருக்கேன்.

தானத் தோல்னா செத்தவங்க தோலா? நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கே.

ஆமாங்க, இறந்தவங்க தானமா குடுத்த தோல்தான், மறைச்சு சொல்ல ஒண்ணும் இல்ல. மேல் படலத்தையும் அதுல இருக்கற செல்லையும் முழுசா நீக்கிட்டு கொலாஜன் சட்டகம் மட்டும் மிச்சம் இருக்கற மாதிரி செஞ்சு வர்றது. மொதல்ல தீக்காயத்துக்குன்னு வந்தது, அப்புறம் ஈறுக்கும் எடுத்துக்கிட்டாங்க. பந்தக்கால் நட்டு வச்சா கொடி பிடிச்சு ஏறுதுல்ல, அதே போல உங்க செல்லு அதுக்குள்ள புகுந்து வளந்து அதைத் தன்னோடதா ஆக்கிக்கும். செல்லே இல்லாததால கிட்னி மாத்தினா உடம்பு தள்ளுமே, அந்த பயம் இதுல இல்ல. கண்தானம் வாங்கி பார்வை வந்தவங்க நம்ம குடும்பத்துலயே இருப்பாங்க, அப்படி நினைச்சுப் பாருங்கன்னு நான் சொல்வேன். அப்பவும் மனசு ஒத்துக்கலைன்னா தாராளமா வேணாம்னு சொல்லலாம், உங்க வாய், யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஒண்ணு கவனிக்கணும், இந்தத் தோல் முழுசா ஈறுக்கு அடியில மூடி இருக்கணும், வெளிய தெரிஞ்சா சரியா சேராது. மேல மூடற அளவுக்கு இழுக்க ஈறே இல்லாத எடத்துல இதை வைக்க மாட்டாங்க. எல்லா கிளினிக்லயும் ரெடியா இருக்காது, ஆர்டர் போட்டு வரவைக்கணும்.

நாங்க பாய் வீடுங்க, பன்னி ஆகாது. எங்க மாமியார் சுத்த சைவம். அவங்களுக்கு எது?

தயங்காம கேளுங்க, கேக்கலைன்னா யாரும் சொல்லாமலே கூட போயிடலாம். ஈறுக்குன்னு வர்ற கொலாஜன் மேட்ரிக்ஸ்ல (தடிமனான கொலாஜன் பட்டை) பேர் போனதெல்லாம் பன்னிக் கொலாஜன்தான், மெம்ப்ரேன்ல மாட்டுக் கொலாஜனும் உண்டு. வேர் மேல தடவற எனாமல் புரதம்னு ஒரு ஜெல் இருக்கு, அதுவும் பன்னியோட பல்லு முளைக்கற எடத்துல இருந்து எடுக்கறது, அது சின்ன சிரிஞ்ச்ல வர்றதால யாருக்கும் சந்தேகமே வராது. ஒருத்தர் சர்ஜரி டேட் எல்லாம் வாங்கிட்டு, முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணி "கொலாஜன்னா எதுல இருந்து எடுக்கறதுங்க"ன்னு கேட்டாரு, சொன்னதும் ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. நல்லவேளை முந்தின நாள். அவருக்கு சொந்த மேல்வாயில இருந்தே எடுத்துப் பண்ணாங்க, நல்லா சேர்ந்துடுச்சு.

அதனால பாக்கெட்ல என்ன எழுதியிருக்குன்னு மொதலேயே கேட்டுக்கங்க. சீல் உடைக்காத பாக்கெட்டைக் காட்டச் சொல்லலாம், எக்ஸ்பைரி தேதியும் லாட் நம்பரும் இருக்கற ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும், அதை உங்க கேஸ் ஷீட்ல ஒட்டணும், போட்டோ எடுத்து வச்சுக்கங்க. எதுவும் மனசுக்கு ஒத்து வரலைன்னா உங்க சொந்த சதை இல்லன்னா சொந்த ரத்தம், இந்த ரெண்டுலயும் அந்தப் பிரச்சனையே வராது.

ரத்தத்தை சுத்தி வைக்கறாங்களாமே, அதையே வச்சுட்டா வெட்டவே வேணாமே?

மேல சொன்ன பி.ஆர்.எஃப்.தான் இது, பிரான்ஸ்ல 2001ல வந்த முறைங்க. கைல ரத்தம் எடுத்து, உறையாம இருக்க மருந்து எதுவும் கலக்காத டியூப்ல, உடனே மெஷின்ல வைக்கணும். இது என் வேலை. ரத்தம் எடுத்த நர்ஸ் கையில இருந்து வாங்கி நான் பாதி ஓட்டமா போவேன், ஒண்ணு ரெண்டு நிமிஷம் தாமதிச்சாலும் டியூப்லயே உறைய ஆரம்பிச்சு வீணாயிடும். நிமிஷத்துக்கு 2700, 3000 சுத்துன்னு பத்துப் பன்னெண்டு நிமிஷம். வெளிய எடுத்தா அடியில செவப்பு, மேல வைக்கோல் கலர்ல தண்ணி, நடுவுல நுங்கு மாதிரி ஒரு கட்டி வழுக்கிட்டு நிக்கும். அதை இடுக்கியால தூக்கி செவப்பை ஒதுக்கிட்டு தட்டுல வச்சு அமுக்கினா தண்ணி வடிஞ்சு ஈரமான மெல்லிசு தாள் மாதிரி வரும், கையில எடுத்து இழுத்தா ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும்.

காயம் சீக்கிரம் ஆற இது நல்லா உதவுது, மேல்வாயில சதை எடுத்த புண்ணு மேல இதை வச்சு தைச்சா வலி குறையறத நான் நேர்லயே பாக்கறேன். ஆனா ஒரு வாரம் பத்து நாள்ல கரைஞ்சுரும், தடிமனான ஈறு வேணுங்கற எடத்துல இது மட்டும் சதைக்கு ஈடாகாது. ஈறு ஏற்கனவே தடிமனா இருந்து கொஞ்சமா இறங்கியிருந்தா ஈறை மேல இழுத்து இதை அடியில வைக்கறது சரி. எல்லாருக்கும் எல்லாத்துக்கும் இதுவே போதும்னு யாராவது சொன்னா, இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிட்டு வாங்க.

பனிக்குடச் சவ்வுன்னா குழந்தைக்கு எதாவது கெடுதலா? சுத்தமா இருக்குமா?

குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் தூக்கிப் போடற நஞ்சுக்கொடியில இருந்து, அம்மாவோட சம்மதம் வாங்கி எடுக்கறது, குழந்தைக்கு இதுல சம்பந்தமே இல்ல. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, சிபிலிஸ் எல்லாம் டெஸ்ட் பண்ணி, காய வச்சு, காமா கதிர் அடிச்சு பாக்கெட்ல வருது. மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில டிஷ்யூ பேங்க்கே இருக்கு, அங்க இதைத் தயார் பண்றாங்க. பூண்டுத் தோல் மாதிரி அவ்வளவு மெல்லிசு, ஈரம் பட்டதும் வேர் மேல தானா படிஞ்சு ஒட்டிக்கும், சில சமயம் தையலே வேணாம். வீக்கம் கம்மி ஆகும், வெளிநாட்டு மேட்ரிக்ஸ் விலைக்கு இது எவ்வளவோ தேவலை. குறைன்னா பி.ஆர்.எஃப்.க்கு சொன்ன அதேதான், தடிமன் குடுக்காது.

எனக்கு மேல ஆறு பல்லுல இறங்கிருக்கு. ஆறுக்கும் மேல்வாயில இருந்து எடுக்க முடியுமா?

இங்கதான் வெளி டிஷ்யூவுக்கு நிஜமான வேலை இருக்கு. ஆறு பல்லுக்கு வேணுங்கற நீளம் ஒரு பக்கத்து அண்ணத்துல கிடைக்காது, ரெண்டு பக்கமும் எடுத்தா ஒரு வாரம் சாப்பிடவே முடியாது, இல்லன்னா ரெண்டு மூணு தடவையா பிரிச்சுப் பண்ணணும். தானத் தோலோ கொலாஜனோ வச்சா ஒரே சிட்டிங்ல முடியும், வேர் மூடற அளவு சொந்த சதைய விட கொஞ்சம் கம்மியா இருக்கலாம், ஆனா அதை வச்சே பல பேர் நல்லா இருக்காங்க. கலந்து பண்றதும் உண்டு, ரொம்ப இறங்கின ரெண்டு பல்லுக்கு மட்டும் சொந்த சதை, மிச்சத்துக்கு ஈறை இழுத்து மூடறது. எங்க டாக்டருக்கு இந்தக் கலப்புதான் பிடிச்சது, எனக்கும் அதுதான் நியாயமா படுது.

டிஷ்யூவே இல்லாம சின்ன ஓட்டை போட்டு ஈறை நகர்த்தி வேரை மூடறாங்களாமே?

பின்ஹோல்னு சொல்வாங்க. ஊசி நுழையற மாதிரி ஒரு துளை போட்டு அது வழியா ஈறை உள்ளயே தளர்த்தி வேர் மேல நகர்த்தறது, அது நகராம நிக்க உள்ள கொலாஜன் துண்டுங்களத் திணிப்பாங்க. வெட்டு, தையல் இல்ல, ஆனா "ஒண்ணும் வைக்கல"ன்னு நினைச்சுடாதீங்க, கொலாஜன் உள்ள போகுது, அதனால பன்னியா மாடான்னு மேல சொன்ன கேள்விய இங்கயும் கேக்கணும். இருக்கற ஈறை நகர்த்தறதுதான் இது, ஈறே காகிதம் மாதிரி மெல்லிசுன்னா நகர்த்தினாலும் காகிதம்தான்.

பொண்ணுக்கு கிளிப் போடணும், முன்னாடியே கிராஃப்ட் பண்ணச் சொல்றாங்க. அவசியமா?

பல்லு எந்தப் பக்கம் நகரப் போகுதுங்கறதுதான் விஷயம். மெல்லிசு ஈறு இருக்கற கீழ் முன்பல்ல உதட்டுப் பக்கமா தள்ளப் போறாங்கன்னா முன்னாடியே தடிமன் ஏத்திக்கறது புத்திசாலித்தனம். உள்பக்கமா இழுக்கப் போறாங்கன்னா பல்லு எலும்புக்குள்ள போனதும் ஈறு கொஞ்சம் நல்லாவே கூட ஆகலாம், பொறுத்துப் பாக்கலாம். கிளிப் டாக்டரும் ஈறு டாக்டரும் ஒரு தடவை போன்ல பேசிக்கட்டும், நீங்க நடுவுல நின்னு சேதி சொல்லாதீங்க.

சுகர் இருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் போடறேன். எனக்கு எதுவுமே ஆகாதா?

ஆகும், சுகர் கட்டுக்குள்ள இருக்கணும். மூணு மாசச் சராசரி 7 பக்கம் இருந்தா எங்க டாக்டர் யோசிக்காம டேட் குடுப்பாங்க, 9, 10னு இருந்தா மொதல்ல சுகர் டாக்டரப் பாக்கச் சொல்லி அனுப்பிடுவாங்க. ரத்த மாத்திரைய நீங்களா நிறுத்தக்கூடாது, ஹார்ட் டாக்டர் எழுதிக் குடுக்கணும், பல பேருக்கு நிறுத்தாமலே பண்றாங்க. இப்படிப்பட்டவங்களுக்கு அண்ணத்துல திறந்த புண்ணு வைக்கறத தவிர்க்கப் பாப்பாங்க, அந்த எடத்துல வெளி டிஷ்யூ கை குடுக்கும்.

பீடி, சிகரெட், வாயில அடக்கற புகையிலை இருந்தா எந்த டிஷ்யூவும் ஏமாத்திடும். கிராஃப்ட் வச்ச மொத ரெண்டு நாளும் அதுக்கு சொந்தமா ரத்தக் குழாய் கிடையாது, அடியில ஊறற தண்ணியக் குடிச்சுதான் உயிரோட இருக்கும், அப்புறம்தான் குழாய் புகுந்து வேர் பிடிக்கும், வயல்ல நாத்து நட்ட மாதிரி. புகை அந்தக் குழாயையே சுருக்குது.

எனக்கு வேர் முழுசா மூடுமா? கேரண்டி குடுப்பாங்களா?

டிஷ்யூவ விட இதைத் தீர்மானிக்கறது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற எலும்பும் அந்த முக்கோண ஈறும்தான். மில்லர்ங்கறவர் 1985ல நாலு வகையா பிரிச்சாரு: நடு எலும்பு முழுசா இருந்தா (மொத ரெண்டு வகை) முழு வேரும் மூட வாய்ப்பு உண்டு, கொஞ்சம் போயிருந்தா பாதிதான், ரொம்பப் போயிருந்தா மூடவே எதிர்பார்க்கக் கூடாது. 2011ல கைரோ அதை மூணா சுருக்கினாரு, கேஸ் ஷீட்ல ஆர்.டி.1, 2, 3னு எழுதறது அதுதான். உங்களது எதுன்னு கேட்டுக்கங்க. மூணுன்னு எழுதியிருந்தா எவ்வளவு விலை குடுத்து எந்த டிஷ்யூ வாங்கினாலும் வேர் மூடாது, அந்தக் காசுல ஈறு நோய்க்கு ஒழுங்கா வைத்தியம் பாருங்க.

நாங்க ஏற்காட்டுல இருக்கோம், சர்ஜரி முடிச்சு அன்னைக்கே மேல போயிடலாமா?

சொந்த மேல்வாயில எடுத்திருந்தா மொத ராத்திரி சேலத்துலயே தங்குங்க. காப்பி எஸ்டேட்ல வேலை பாக்கற ஒரு அக்கா, ஃப்ரீ கிராஃப்ட் முடிச்சு சாயங்கால பஸ்ஸுல ஏறிட்டாங்க, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு சேந்து, ராத்திரி ஒம்பது மணிக்கு அண்ணத்துல ரத்தம், எச்சிலோட கலந்து வாய் நிறைய. மரத்துப் போற ஊசியில இருக்கற மருந்து ரத்தக் குழாய சுருக்கி வச்சிருக்கும், அது தெளியற நேரம்தான் இந்த மாதிரி கசியும். போன்லயே டாக்டர் சொல்லச் சொல்ல, சுத்தமான துணிய நனைச்சு மடிச்சு புண்ணு மேல வச்சு கட்டை விரலால இருபது நிமிஷம் எடுக்காம அழுத்திப் பிடிச்சாங்க, நின்னுடுச்சு. நடுவுல நடுவுல எடுத்து எடுத்துப் பாத்தா நிக்காதுங்க, அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. துப்பிக்கிட்டே இருக்கறதும் கூடாது.

இப்பல்லாம் அண்ணத்தை மூடற மாதிரி கிளிப் போல ஒரு பிளாஸ்டிக் தட்டு மொதலேயே அளவெடுத்து செஞ்சு குடுக்கறாங்க, மலையில இருந்து வர்றவங்க அதைக் கட்டாயம் கேட்டு வாங்கிக்கங்க. வெளி டிஷ்யூன்னா அண்ணத்துல புண்ணே இல்ல, அன்னைக்கே போகலாம், ஆனா பத்து நாள்ல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள தையல் பிரிக்க இறங்கி வரணும்.

என்ன சாப்பிடறது? தட்டுவடை செட் எப்ப சாப்பிடலாம்?

மொத ரெண்டு நாள் ஆறின கஞ்சி, மோர், ஜவ்வரிசி பாயாசம் ஆற வச்சது. ஜவ்வரிசி தயாராகற ஊருல இருந்துட்டு அதை மறந்துடறோம், அது வழுக்கிட்டு இறங்கும், அண்ணத்துல உரசாது, எனக்கு அஞ்சு நாள் அதுதான் சோறு. அப்புறம் குழைஞ்ச தயிர் சாதம், இட்லி, நல்லா மசிச்ச பருப்பு. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. தட்டுவடை, முறுக்கு, நிலக்கடலை எல்லாம் குறைஞ்சது ஒரு மாசம் கழிச்சு, அதுவும் டாக்டர் பாத்து சரின்னதுக்கு அப்புறம். ஒரு சின்ன தட்டுவடைத் துண்டு தையலுக்குள்ள குத்திட்டு நின்னா மொத்த கிராஃப்ட்டும் அசைஞ்சுடும்.

சர்ஜரி பண்ண எடத்துல பிரஷ் படக்கூடாது, குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிக்கற மருந்து ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. அதுல பல்லு பழுப்பாகும், பயப்படாதீங்க, கிளீனிங்ல போயிடும். உதட்டை இழுத்து கண்ணாடியில பாக்கவே கூடாது.

மூணாவது நாள் பாத்தா கிராஃப்ட் வெள்ளையா இருக்கு, அழுகிடுச்சா?

பாக்காதீங்கன்னு இப்பத்தான் சொன்னேன், ஆனா எல்லாரும் பாக்கறாங்க, நானும் பாத்தேன். ஃப்ரீ கிராஃப்ட்ல மேல்தோல் படலம் வெளுத்து உரியறது சகஜம், அடியில இருந்து செவப்பு ரெண்டாவது வாரத்துல எட்டிப் பாக்கும். கெட்ட நாத்தம், சீழ், நாளுக்கு நாள் ஏறற வலி, காய்ச்சல், கிராஃப்ட் மொத்தமா ஆடறது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே வாங்க.

ஒரு டாக்டர் மேல்வாய்ங்கறாங்க, இன்னொருத்தர் வெளி டிஷ்யூங்கறாங்க. யாரை நம்பறது?

ரெண்டு பேருமே சரியா இருக்கலாம். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்வியக் கேளுங்க: இந்தப் பல்லுக்கு வேரை மூடணுமா, ஈறை கெட்டியாக்கணுமா, எது முக்கியம்? என் அண்ணத்துல சதை எவ்வளவு இருக்கு, அளந்தீங்களா? நீங்க அடிக்கடி பண்றது எது? எந்த டிஷ்யூன்னாலும் கை பழகின கைதான் பேசும். காசு கஷ்டம்னா அரியானூர் பக்கம் இருக்கற டென்டல் காலேஜ் மாதிரி எடத்துல ஈறு டிபார்ட்மென்ட்ல காட்டுங்க, மேல்படிப்பு படிக்கற டாக்டருங்க பெரிய டாக்டர் மேற்பார்வையில பண்றாங்க, நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.

மேல்வாய்ப் புண்ணுக்கு பயந்து மட்டும் வெளி டிஷ்யூவ எடுக்காதீங்கன்னு எங்கிட்ட கேக்கற எல்லார்கிட்டயும் சொல்றேன். அந்தப் புண்ணு மூணு வாரம், ஈறு முப்பது வருஷம் நிக்கணும். அதே போல "சொந்தம்தான் ஒசத்தி"ன்னு பிடிவாதம் பிடிச்சு மெல்லிசு அண்ணத்தைச் சுரண்டிக்கவும் வேணாம்.

ஒரு தடவை பண்ணி பிடிக்கல. மறுபடி பண்ண முடியுமா, சதை மிச்சம் இருக்குமா?

முடியும். அண்ணத்துச் சதை திரும்ப வளரும், ரெண்டு மூணு மாசம் கழிச்சு அதே எடத்துல இருந்தே எடுக்கறாங்க, இல்லன்னா எதிர்ப்பக்கம் இருக்கவே இருக்கு. ஆனா மொத தடவை ஏன் போச்சுன்னு தெரியாம ரெண்டாவதுக்கு உக்காராதீங்க: புகையிலையா, பிரஷ் பட்டுச்சா, உதட்டுத் தசை இழுத்துச்சா, இல்ல தடிமன் வேணுங்கற எடத்துல மெல்லிசுச் சவ்வு வச்சாங்களா. அவசரமும் படாதீங்க, பாதி மூடின மாதிரி நிக்கற கிராஃப்ட் ஒரு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா தானா மேல ஏறி வர்றதும் உண்டு. என்னோடதுல தையல் பிரிச்சப்போ ஒரு மில்லிமீட்டர் வேர் வெளிய தெரிஞ்சுது. அடுத்த வருஷம் டாக்டர் அளந்தப்போ பாதிதான் இருந்தது.